மார்கழிப் பனியின் கணக்கு

மூணாறு மலையைக் கொண்ட தேவிகுளம் தாலுகாவின் கடந்த காலத்தை யார் எழுதினாலும் மழையில்தான் தொடங்குவார்கள். கொல்லம் ஆண்டு 1099-இல், அதாவது 1924 ஜூலையில், மூணாற்றை மூழ்கடித்த பெருவெள்ளம் ஒன்று. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் லயங்கள் எனும் தொழிலாளர் குடியிருப்புகளோடு சேர்த்து 70 பேரைப் புதைத்த நிலச்சரிவு இன்னொன்று. இரண்டும் மறக்கக் கூடாதவை. ஆனால் இந்த மலைக்கு மழையைத் தவிர இன்னோர் ஆபத்துக் காலமும் உண்டு. மார்கழி, தை மாதங்களில், மேகமே இல்லாத இரவுகளில், சத்தமில்லாமல் அது வரும். உறைபனி ஒரே இரவில் ஊரை அழிப்பதில்லை. கொழுந்தை அழிக்கிறது, கொழுந்தோடு கூலியை அழிக்கிறது. அதனாலேயே அதன் வரலாறு எழுதப்படாமல் கிடக்கிறது.

பனி எங்கே விழும் என்பது தோட்டத்தில் பழகியவர்களுக்குத் தெரியும். பகல் முழுக்க வெயில் வாங்கிய மண், வானம் தெளிந்த இரவில் அந்தச் சூட்டை வேகமாக இழந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்கிறது. வேறு காற்று வந்து கலைக்காவிட்டால் அது சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எனவே ஒரே எஸ்டேட்டில் மேட்டுச் செடி பச்சையாக நிற்க, ஓடைக்கரையிலும் சதுப்பு ஓரத்திலும் நிற்கும் செடி வெளுத்துக் கிடக்கும். செவன்மலை, லெட்சுமி, செண்டுவாரை, சைலன்ட் வேலி என்று ஆண்டுதோறும் செய்தியில் அடிபடும் பெயர்கள் இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகளைக் கொண்டவை.

விடியற்காலையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். வெயில் ஏறிய பிறகே சேதம் தெரியவரும். இலைக்குள் இருந்த நீர் உறைந்து திசுக்களைச் சிதைத்திருக்கும். சூரியன் பட்டுச் சட்டென்று உருகும்போது பாதிப்பு இன்னும் கூடும். மதியத்துக்குள் துளிர் கருத்துச் சுருண்டுவிடும். நெருப்பு பட்டதுபோல என்று சொல்வது மிகையில்லை. தோட்டத்து மக்களும் செடி ‘கருகிப்போச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். கருகியதை வெட்டிவிட்டுப் புதுக் கொழுந்துக்காகக் காத்திருக்க வேண்டும். லேசான பனி என்றால் சில வாரங்கள், கடுமையாக விழுந்திருந்தால் மாதக் கணக்கு.

இந்தக் குளிருக்குள் தேயிலையைக் கொண்டுவந்த கதை 1877-இல் தொடங்குகிறது. ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். காப்பி, சின்கோனா, கற்றாழை நார் என்று பலதும் நட்டுப் பார்த்தார்கள். 1880-இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி தோட்டத்தில் சுமார் 50 ஏக்கரில் தேயிலை நட்டார். அந்தப் பார்வதி இன்றைய செவன்மலை எஸ்டேட்டின் பகுதி. தேயிலை தொடங்கிய இடமும் உறைபனிச் செய்திகளில் இன்றுவரை முன்னால் நிற்கும் இடமும் ஒன்றே.

நட்டவர்கள் துரைமார். காடு திருத்தியவர்களும் கொழுந்து கிள்ளியவர்களும் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தமிழர்கள். போடிநாயக்கனூரையும் கொட்டகுடியையும் தாண்டி மலையேறினார்கள். ஐப்பசியிலும் புழுங்குகிற கரிசல் ஊர்களில் பிறந்தவர்கள், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், ஒற்றைக் கம்பளியோடு பெரட்டு எனும் விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு வந்து நின்றார்கள். பனி நனைத்த செடிகளுக்கு நடுவே இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் இறங்கினார்கள். குளிருக்குப் போர்வை தருவது முதலாளியின் மனத்தைப் பொறுத்த விஷயமாக வெகுகாலம் இருந்தது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளியைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு வழங்கச் சொல்லி மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. முதல் தேயிலைச் செடிக்கும் அந்த வரிக்கும் இடையே 71 ஆண்டுகள்.

மலையில் விளைந்தது கடலுக்குப் போக வேண்டும். 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அது சிறு ரயில் பாதையானது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கம், பிறகு மாட்டுவண்டியில் போடி, கடைசியில் தூத்துக்குடி. அன்றைய தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. கடல் ஆழமில்லாததால் பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பெட்டிகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு திறந்த கடலில் போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். ஆழ்கடல் துறைமுகம் 1974-இல்தான் வந்தது. மலையில் பனிக்கு அஞ்சி வளர்ந்த இலை, கரையில் காற்றுக்கு அஞ்சிக் கப்பலேறியது. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துப் போனபின் அது திரும்பக் கட்டப்படவே இல்லை. நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை 1931-இல் திறக்கப்பட்டது. தேயிலை மேற்கே கொச்சிப் பக்கம் திரும்பியது.

தேயிலை திசை மாறினாலும் மக்களின் உறவு கிழக்கிலேயே இருந்தது. இதே மாவட்டங்களிலிருந்து மூணாற்றுக்கு ஏறியவர்களைப் போல, தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கைத் தேயிலைக்குப் போனவர்கள் ஏராளம். அந்தத் துறைமுகத்தையே ஒரு மார்கழி இரவு முடித்துவிட்டது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயலில், தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன் பாசஞ்சர் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் மூழ்கியது. ஊர் மீண்டும் எழவில்லை. சேதமடைந்த பாம்பன் பாலம் மட்டும் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது.

கரையின் புயல் கரையோடு நின்றுவிடுவதும் இல்லை. 1992 நவம்பர் 13-இல் தூத்துக்குடி அருகே கரை கடந்த புயல் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதியபோது, மாஞ்சோலைக்கு மேலே இருந்த காக்காச்சித் தேயிலைத் தோட்டத்தில் ஒரே நாளில் 965 மில்லிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி கரைபுரண்டது. கடலுக்குள்ளும் அது போகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே வலுத்தபோது, தூத்தூர் முதல் பூந்துறை வரையிலான கிராமங்களின் மீனவர்கள் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தார்கள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் இருநூறுக்கு மேல். எச்சரிக்கை தாமதமானது பற்றிய கோபம் அந்தக் கரையில் இன்றும் ஆறவில்லை.

புயலுக்குப் பெயர் வைக்கிறோம், விசாரணை கேட்கிறோம், நிவாரணம் அறிவிக்கிறோம். உறைபனிக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை. 2019 ஜனவரித் தொடக்கத்தில் மூணாற்றைச் சுற்றிய எஸ்டேட்டுகளில் வெப்பநிலை நாள் தவறாமல் பூஜ்யத்துக்குக் கீழே போனது. பல நூறு ஹெக்டேர் தேயிலை கருகியது. அதே வாரத்தில் ‘மூணாற்றில் மைனஸ்’ என்ற தலைப்புகளைப் படித்துவிட்டுச் சுற்றுலாக் கூட்டம் மலையேறியது. விடுதிகள் நிறைந்தன, கொழுந்துக் கூடைகள் காலியாக இருந்தன.

கொழுந்து பறிப்பவருக்கு நாள் கூலி உண்டு. நிர்ணயித்த அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு உண்டு. பிள்ளைகளின் படிப்பும் மருந்துச் செலவும் அந்தக் கூடுதல் காசில்தான் ஓடுகின்றன. செடி கருகினால் முதலில் மறைவது அதுதான். தற்காலிகத் தொழிலாளிகளை வேலைக்குக் கூப்பிடுவதும் குறைகிறது. விளைச்சலும் விலையும் குறைந்தால் அது போனஸில் வந்து நிற்கும் என்பதை 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் உட்கார்ந்த, பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்ட தோட்டத் தொழிலாளிப் பெண்கள் நாட்டுக்கே சொன்னார்கள்.

உறைபனியும் குளிரலையும் இந்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் 2012 முதல் இருக்கின்றன. ஆனால் பயிர்ச் சேத உதவி நிலம் வைத்திருப்பவருக்கு, ஹெக்டேர் கணக்கில் போகிறது. வட்டவடையில் கேரட்டும் பூண்டும் போட்ட சிறு விவசாயி அதைக் கேட்டு மனுக் கொடுக்கலாம். நான்கு தலைமுறையாக அந்த மலையில் வேலை செய்தும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத லயத்துத் தொழிலாளி எதைக் காட்டிக் கேட்பார்? பனியில் இழந்த கூலியையும் பேரிடர் இழப்பாகக் கணக்கெடுத்து ஈடு தரக் கேரள அரசும் தோட்ட நிறுவனங்களும் முன்வர வேண்டும். எந்த நாளில், எந்த எஸ்டேட்டில், எத்தனை டிகிரி என்ற பதிவுகள் கையில் இருக்கின்றன. அவற்றோடு கூலிப் பட்டியலையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலே போதும். அடுத்த மார்கழிக்கு முன்பே அதைச் செய்துவிடலாம்.