எடை மேடை
எடை மேடை என்பது சரக்குந்து (லாரி), இழுவை வண்டி, கேரவன் போன்ற பெரிய ஊர்திகளை அவற்றின் சுமையுடன் சேர்த்து எடையிடப் பயன்படும் தராசு ஆகும். பேச்சு வழக்கில் இது வே பிரிட்ஜ் என்றும் அழைக்கப்படுகின்றது. கட்டணம் பெற்றுக்கொண்டு எவருடைய ஊர்தியையும் எடையிட்டுத் தரும் மேடை பொது எடை மேடை எனப்படும். சரக்கின் விலை, வண்டி வாடகை, கூடுதல் சுமைக்கான அபராதம் ஆகியன இங்கு வழங்கப்படும் எடைச் சீட்டைக் கொண்டு முடிவு செய்யப்படுவதால், சீட்டில் உள்ள எண் எதைக் குறிக்கின்றது, எதைக் குறிக்கவில்லை என அறிவது இன்றியமையாதது.

வரலாறு

பல நெம்புகோல்களை இணைத்துப் பெரிய சுமையைச் சிறிய எடைக்கல்லால் சமன் செய்யும் எடைப்பொறியை 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜான் வயாட் உருவாக்கினார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த தாடியஸ் ஃபேர்பேங்க்ஸ், தரைமட்ட மேடைத் தராசுக்கு 1831-இல் காப்புரிமை பெற்றார். சணல் வகைப் பயிர் ஏற்றிவந்த வண்டிகளை எடையிடும் தேவையே இதற்குத் தூண்டுதலாக அமைந்தது. 1938-இல் கண்டுபிடிக்கப்பட்ட திரிபு அளவி பின்னாளில் மின்னணு எடை மேடைகளுக்கு வழிவகுத்தது.

அமைப்பு

எஃகாலோ கற்காரையாலோ (கான்கிரீட்) ஆன மேடையைப் பல சுமை உணரிகள் (லோடு செல்) தாங்கி நிற்கின்றன. சுமை ஏறும்போது உணரிக்குள் உள்ள உலோகம் மிகச் சிறிதளவு வளைகின்றது. அதில் ஒட்டப்பட்டுள்ள திரிபு அளவியின் மின்தடை அதற்கேற்ப மாறுகின்றது. இம்மாற்றங்கள் கூட்டப்பட்டு எடையாகக் காட்டப்படுகின்றன. இத்தகைய மேடைகள் 5, 10 அல்லது 20 கிலோ படிகளில் எடையைக் காட்டுவன. எனவே சிறு பொதிகளை எடையிட இவை ஏற்றவை அல்ல.

சீட்டில் உள்ள எடைகள்

* மொத்த எடை: ஊர்தியும் சுமையும் சேர்ந்த எடை.
* வெற்று எடை: சுமை இல்லாத ஊர்தியின் எடை. காலி எடை எனவும் கூறுவர்.
* நிகர எடை: மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைக்கும் சரக்கின் எடை.

நிகர எடை நேரடியாக அளக்கப்படுவதில்லை, கழித்துப் பெறப்படுகின்றது. ஆகவே இரண்டு முறையும் ஊர்தி ஒரே நிலையில் இருத்தல் வேண்டும். மொத்த எடையின்போது வண்டிக்குள் இருந்த ஓட்டுநர் வெற்று எடையின்போது இறங்கிவிட்டால், அவருடைய எடையும் சரக்கின் கணக்கில் சேர்ந்துவிடும். இடையில் டீசல் நிரப்பினால் வெற்று எடை கூடி, நிகர எடை குறைந்துவிடும். ஊர்தி ஏறுமுன் காட்டியில் சுழியம் (பூச்சியம்) தெரிகின்றதா, எல்லாச் சக்கரங்களும் மேடைக்குள் உள்ளனவா என வாங்குபவரும் விற்பவரும் பார்த்துக்கொள்ளலாம்.

அச்சு எடை

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் ஓர் அச்சின் மீது வரம்பை மீறிய சுமை இருக்கக்கூடும். 2018-இல் நடுவண் அரசு அச்சு எடை வரம்புகளை உயர்த்தியது. நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றைப் பின்னச்சுக்கான வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரண்டு அச்சுச் சரக்குந்தின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும் உயர்ந்தன. எடுத்துக்காட்டாக, 18.3 டன் மொத்த எடை கொண்ட இத்தகைய சரக்குந்தின் முன்னச்சில் 5.9 டன்னும் பின்னச்சில் 12.4 டன்னும் இருந்தால், மொத்த எடை வரம்புக்குள் உள்ளது; பின்னச்சோ 0.9 டன் மீறியுள்ளது. ஆயினும் குறிப்பிட்ட ஊர்திக்கு அதன் பதிவுச் சான்றில் உள்ள எடையே வரம்பாகும்.

அச்சு எடையை அறிய, முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடையிட வேண்டும். அடுத்து முழு ஊர்தியையும், பின்னர் பின்சக்கரங்களை மட்டும் எடையிட வேண்டும். அணுகுதளம் மேடைக்குச் சமமட்டத்தில் இருந்தால் முதல், மூன்றாம் அளவுகளின் கூட்டல் இரண்டாம் அளவுக்கு நெருக்கமாக இருக்கும். பெரிய வேறுபாடு தெரிந்தால் அந்த அச்சு எடைகளை நம்ப இயலாது.

சாலைக்கு ஏற்படும் சேதமும் அச்சு எடையைச் சார்ந்ததே. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலை ஆய்விலிருந்து, சேதம் ஏறத்தாழ அச்சு எடையின் நான்காம் அடுக்கிற்கு ஏற்பக் கூடுகின்றது எனும் விதி பெறப்பட்டது. இதன்படி 10 டன் அச்சு 12 டன்னாக மாறினால் சேதம் சுமார் இரண்டு மடங்காகும்.

கேரவன் எடை

திரைப்படத் துறையினர் பயன்படுத்தும் கேரவன்களில் தண்ணீர்த் தொட்டி, மின்னாக்கி (ஜெனரேட்டர்), குளிர்சாதனம், இருக்கைகள் ஆகியன உள்ளன. தொட்டி நிரம்பிய கேரவனின் எடை வெற்று எடையிலிருந்து வெகுவாக மாறுபடும். 300 லிட்டர் தண்ணீரின் எடை 300 கிலோ ஆகும். முன், பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் இடைவெளி உள்ள கேரவனில், பின்னச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இத்தொட்டி இருப்பதாகக் கொள்வோம். அப்போது பின்னச்சில் 375 கிலோ கூடும். முன்னச்சில் 75 கிலோ குறையும். சீட்டில் மொத்த எடை 300 கிலோ மட்டுமே கூடியிருக்கும். முன்சக்கரங்களின் பிடிப்பு குறைந்தால் திருப்புவதும் நிறுத்துவதும் கடினமாகும். எனவே கேரவனைத் தொட்டி நிரம்பிய நிலையில், அச்சுவாரியாக எடையிடுதல் நன்று.

சென்னையின் மேற்குப் புறநகர்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் தொடங்கப்பட்டது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை உள்ளது. பூந்தமல்லி பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48-இல் (முன்னர் 4) அமைந்துள்ளது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் இப்பகுதியைக் கடந்து செல்கின்றது. இரும்பு, வார்ப்புகள், பழைய இரும்பு, கட்டுமானப் பொருட்கள் ஆகியன எடைக்கணக்கில் விற்கப்படுவதால் பொது எடை மேடைகள் இப்பகுதித் தொழிலுக்குத் தேவையானவை. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. படப்பிடிப்பு வளாகம் இருப்பதால், சரக்குந்துகளுடன் கேரவன்களும் இச்சாலைகளில் செல்கின்றன.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 113-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள எடையை மீறி ஊர்தியை ஓட்டுவதைத் தடை செய்கின்றது. ஓட்டுநர் உரிமையாளராக இல்லாதவிடத்து, உரிமையாளர் அறிந்தே அல்லது அவர் ஆணைப்படியே இக்குற்றம் நடந்ததாக நீதிமன்றம் கருத இப்பிரிவு இடமளிக்கின்றது. 114-ஆம் பிரிவின்படி, செல்லும் வழியில் 10 கி.மீ. தொலைவுக்குள் அல்லது சேருமிடத்திலிருந்து 20 கி.மீ. தொலைவுக்குள் உள்ள எடை மேடைக்கு ஊர்தியைக் கொண்டுசெல்லுமாறு உரிய அலுவலர் பணிக்கலாம். கூடுதல் சுமையை இறக்குமாறு எழுத்து மூலம் ஆணையிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 194-ஆம் பிரிவு, கூடுதல் சுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதமாக விதிக்கின்றது. எடையிட மறுத்தால் அபராதம் 40,000 ரூபாய் ஆகும். அபராதம் கட்டுவது கூடுதல் சுமையுடன் பயணத்தைத் தொடர்வதற்கான உரிமம் ஆகாது என 2005-இல் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

முத்திரையிடல்

எடை மேடைகள் சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன் கீழ் வருகின்றன. இவற்றை 12 மாதங்களுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் இப்பணியைத் தொழிலாளர் துறை மேற்கொள்கின்றது. சரிபார்ப்புச் சான்றிதழ் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பதால், எடையிட வருபவர் அதிலுள்ள நாளைப் பார்த்து மேடையின் முத்திரை காலாவதியாகாததை உறுதி செய்துகொள்ளலாம்.

இவற்றையும் பார்க்க

* தராசு
* நெம்புகோல்
* அம்பத்தூர் தொழிற்பேட்டை