நிருவாகியின் கடவுச்சொல்லும் அறையின் கதவும்

கணனியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் நினைவாற்றலையுமே அளந்து காட்டினர். அவ்வியந்திரத்தை ஆளும் உரிமை யாருக்குரியது, அவ்வுரிமை கைநழுவிய விடத்து எவ்வாறு மீட்கப்பட்டது என்னும் வினாக்கள் அத்துணை கவனம் பெற்றில. நிருவாகியின் கடவுச்சொல் தொலைந்து போதல் அலுவலகங்களில் நிகழும் ஒரு சிறு சங்கடமாகவே தோன்றும். எனினும், அதனை மீட்கும் வழிகள் காலந்தோறும் மாறிவந்தவாற்றை நோக்குமிடத்து, கணனியின் காவல் எங்கே இருந்தது என்பது புலனாகின்றது. சொல்லில் இருப்பதாக எண்ணப்பட்ட காவல், உண்மையில் நெடுங்காலம் கணனி இருந்த அறையின் கதவிலேயே இருந்தது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

ஒரே கணனியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறைமை ஒன்று, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பற்றோ என்பாரின் தலைமையில் 1961இல் செயல்விளக்கம் பெற்றது. பலருடைய கோப்புக்கள் ஓரிடத்தில் சேர்ந்தமையால், ஒருவரது கோப்பை மற்றவர் காணாதிருக்கக் கடவுச்சொல் வேண்டப்பட்டது. ஆயின், அச்சொற்கள் யாவும் உள்ளவாறே ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. 1962இல் அலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், அக்கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் கேட்டார். கணனியும் மறுப்பின்றி அச்சிட்டுக் கொடுத்தது. (ஆய்வு மாணவர்க்கு நேரம் போதாக் குறை எந்நாட்டிலும் ஒன்றே போலும்!) அப்பத்தாண்டின் நடுப்பகுதியில், பயனர்க்குக் காட்டப்படும் அன்றாட அறிவித்தலும் கடவுச்சொற் கோப்பும் தவறுதலாக இடம்மாற, உள்நுழைந்தோர் யாவர்க்கும் அனைவருடைய சொற்களும் காட்சியளித்தன. இத்தகைய முறைமையில் சொல்லை மறந்தவர்க்கு அதனைப் படித்துச் சொல்லிவிடலாம். மீட்பு எளிது, காவலோ பெயரளவினது.

இக்குறையை நீக்கும் வழியைக் கேம்பிறிஜ் பல்கலைக்கழகத்து றொஜர் நீதம் 1967 அளவில் கண்டார். சொல்லைச் சேமித்து வையாது, ஒருவழிச் சார்பொன்றினூடாக அதனைச் செலுத்திப் பெறும் சுவட்டை மட்டும் சேமித்தல் என்பதே அவ்வழி. அரைத்த மாவிலிருந்து அரிசியைப் பெற முடியாதவாறு போல, சுவட்டிலிருந்து சொல்லைத் திரும்பப் பெறல் இயலாது. யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையும் இந்நெறியையே கைக்கொண்டது. அன்று தொட்டு, 'கடவுச்சொல்லை மீட்டல்' என்னும் தொடர் பொருள் மாறியது எனலாம். தொலைந்த சொல்லைக் கணனியே அறியாது. ஆகவே மீட்கப்படுவது சொல்லன்று, ஆளும் உரிமையே.

சொல்லை ஊகித்தறிதல் ஒன்றே எஞ்சிய குறுக்குவழி. றொபேட் மொறிசும் கென் தொம்சனும் 1979இல் வெளியிட்ட ஆய்வுரையில், தாம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 2,831 மிகக் குறுகியனவாகவோ அகராதி முதலியவற்றில் எளிதிற் காணத்தக்கனவாகவோ இருந்தமையைக் காட்டினர். தொம்சனின் சொந்தக் கடவுச்சொல் மட்டும் எளிதில் அகப்படவில்லை. பழைய கோப்பொன்றில் எஞ்சியிருந்த அதன் சுவடு 2019இலேயே உடைக்கப்பட்டது. சதுரங்க ஆட்டத்தில் அரசியின் முன்னுள்ள காலாளை இரு கட்டம் நகர்த்தும் குறியீடு அது.

ஊகித்தலால் மீண்டதோர் அறிவுச் செல்வம் பற்றியும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். நோர்வே நாட்டு மொழியறிஞர் ஈவர் ஓசனின் பெயரால் அமைந்த மொழிப் பண்பாட்டு நிலையத்தில், பேராசிரியர் றைடார் யூபெடால் சேர்த்த நூற்றொகுதியின் கணனி அட்டவணை, கடவுச்சொல்லை அறிந்தவர் இறந்தமையால் திறக்கவியலாது கிடந்தது. 2002இல் நிலையத்தார் பொதுமக்களின் உதவியை வேண்டினர். விடை விரைவிலேயே கிடைத்தது. யூபெடால் என்னும் பெயரின் எழுத்துக்களைப் பின்னிருந்து முன்னாக அடுக்கியதே அச்சொல். நூல்கள் தட்டுக்களில் இருந்தும், அவற்றுக்கு வழிகாட்டும் ஏடு ஒரு மனிதரோடு மறைந்துபோக இருந்தது என்பது கலைப்பீட மாணவராகிய நாம் நின்று நோக்கற்பாலது.

நிருவாகியின் சொல் தொலைந்தவிடத்து யூனிக்ஸ் வல்லுநர் ஊகித்துக் கொண்டிருக்கவில்லை. கணனியின் முன் சென்று, அதனைத் தனிப்பயனர் நிலையில் மீளத் தொடக்கி, புதிய சொல்லொன்றை இட்டனர். 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்ரி முறைமைக்கும் இவ்வாறே நிகழ்ந்தது. நோர்வே நாட்டார் ஒருவர் 1997 முதல் வெளியிட்ட செய்நிரலை ஒரு நெகிழ்வட்டில் இட்டுக் கணனியைத் தொடக்கினால், வன்தட்டிலுள்ள பழைய சுவட்டை நீக்கிவிடலாம். வல்லுநர்க்கும் கள்வர்க்கும் வழி ஒன்றே. அறைக்குட் புகுந்தவர் கணனியையும் ஆண்டார்.

அவ்வழியையும் ஒருவர் அடைத்துவிட்டால் யாது நிகழும் என்பதை 2008ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகராட்சி அறிந்தது. நகரின் கணனி வலையமைப்பை ஆண்ட ரெறி சைல்ட்ஸ் என்னும் பொறியியலாளர், நிருவாகக் கடவுச்சொற்களை மேலதிகாரிகளுக்குக் கொடுக்க மறுத்தார். வழிப்படுத்திகளில் கடவுச்சொல்லை மீட்பதற்கென அமைந்த வசதியை அவர் முன்னரே செயலிழக்கச் செய்திருந்தார். அவற்றுட் சிலவற்றை அணைத்துத் தொடக்கின் அமைவுகள் யாவும் அழிந்துபடும் என்ற அச்சமும் இருந்தது. அறையும் இயந்திரமும் நகராட்சியின் கையில். ஆளும் உரிமையோ சிறையிலிருந்த ஒருவரின் நினைவில். 50 இலட்சம் டொலர் பிணை விதிக்கப்பட்டும் அவர் இணங்கவில்லை. ஈற்றில் யூலை 21ஆம் நாள் நகரமுதல்வர் கவின் நியூசம் தாமே சிறைக்குச் சென்று அச்சொற்களைப் பெற்றுவந்தார். இவ்வளவிலும் வலையமைப்பு பழுதின்றி இயங்கிக் கொண்டிருந்தது என்பது வியப்பு. தகுதியற்றோர் கையில் அதனை ஒப்படைக்கலாகாது என்பது சைல்ட்ஸின் வாதம். அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் காண்பாரும் உளர். எனினும், நகரத்தார்க்குரிய உடைமையின் திறவுகோல் ஒருவர் மனத்தில் மட்டுமே இருக்க விடப்பட்டமை நிருவாகத்தினதும் தவறே என்பது எம் கருத்து. 2010இல் அவருக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சைல்ட்ஸ் தனியொருவராக அடைத்த கதவை, அக்காலத்தையொட்டிக் கணனிகள் தாமே அடைக்கத் தொடங்கின. 2007இல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்ராவின் சில பதிப்புக்களில், வட்டு முழுவதையும் மறைகுறியாக்கும் வசதி இடம்பெற்றது. மறைகுறியாக்கப்பட்ட வட்டில், கணனியின் முன் அமர்ந்திருப்பவர்க்கும் எழுத்துக்குவியலே எஞ்சும். பழைய நெகிழ்வட்டு அங்கே பயன்படாது. அவ்வாறு பூட்டுண்ட வட்டைத் திறக்க, தொடக்கத்திலேயே வழங்கப்படும் 48 இலக்க மீட்பெண் உதவும். அதனைத் தாளில் அச்சிட்டுப் பத்திரப்படுத்துமாறு அம்முறைமையே பயனரை வேண்டுகின்றது.