கோவாப் புழுவும் மருந்தும்

அக்கரப்பத்தனைக் கோவாவின் உள்ளடுக்கில் பச்சைப் புழு நெளிந்தால், மருந்து போதவில்லை என்கிறார்கள். மலையகத் தேயிலையின் வரலாறு அதை மறுக்கிறது. இலைகளை நூலால் ஒட்டி, உள்ளிருந்தே தின்னும் இலைச்சுருட்டிப் புழுவை அடக்க 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தார்கள், புழு அடங்கியது. 1950களில் தண்டு துளைக்கும் வண்டுக்கு டீல்டிரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். குளவி மடிந்தது, அடங்கியிருந்த புழு மறுபடி பெருகியது.

தேயிலை வேறு, மரக்கறி வேறு என்பது நியாயமான வாதம். சோற்றில் புழுவை யார் சகிப்பார்? ஆனால் இலை பிரித்து உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் பெரும்பாலான புழு வெளியே வந்துவிடும், மிஞ்சியதைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கலாம். இலைக்குள் ஊறிய மருந்தை அந்தத் தண்ணீர் எடுக்காது. ஓட்டை விழுந்த கோவாவுக்கு விலையைக் குறைத்துவிட்டு, மருந்தையும் குறை என்று விவசாயியிடம் சொல்வது அநியாயம்.