ஒரு வெள்ளியும் ஒரு பல்கலைக்கழகமும்



பால்மரம் வெட்டிய கை, தமிழுக்கென்று ஒரு வெள்ளியை எடுத்துக் கொடுத்த கதை இது.

சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் 1949-ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. பாடமெல்லாம் ஆங்கிலத்தில். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளை அங்கே போனால், அவனுடைய தமிழை வாசலிலேயே விட்டுவிட வேண்டுமா? இந்திய இயல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, ஆலோசனை கூற வந்த வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கே முதலிடம் தரச் சொன்னார். பேரறிஞர்தாம், ஆனால் இந்நாட்டு இந்தியரில் பெரும்பாலோர் பேசுவது எந்த மொழி என்பதை அவர் எடைபோடவில்லை.

'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடவில்லை. ஏட்டில் எழுதினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. அன்றைய கூலிக்கு அது சின்னத் தொகையா? சிராங்கூன் சாலைக் கடைக்காரரும் கொடுத்தார், தோட்டத் தொழிலாளரும் கொடுத்தார். அந்தப் பணம் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்களாகப் போய்ச் சேர்ந்தது. 1956-இல் துறை தொடங்கியது. தமிழ் அங்கே பாடமாயிற்று.

ஆங்கிலத்தை யாரும் வெறுக்கவில்லை. 1961-இல் கோலாலம்பூரில் அத்துறைக்குத் தலைமையேற்ற தனிநாயக அடிகள், 1952 முதலே தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழ் நடத்தியவர். இரு மொழியும் கைவந்ததால்தான் அயல்நாட்டு அறிஞர்களோடு அவரால் பேச முடிந்தது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

உங்கள் லயத்தில் அந்த ஒரு வெள்ளியைப் பற்றிப் பெரியவர் யாரேனும் சொல்லியிருந்தால், எழுதி வையுங்கள்.