ரேடியம் என்னும் பெயரும் உயிரணுக்களின் வேறுபாடும்

ஹைதராபாத்தின் ரெட் ஹில்ஸ் பகுதியில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை, தன்னைத் தோற்றுவித்த மெஹ்தி நவாஸ் ஜங்கின் பெயரோடு 'ரேடியம்' என்னும் சொல்லையும் சேர்த்துத் தாங்கியிருந்தது. நோய் தீர்க்கும் ஆற்றல் அவ்வுலோகத்திலேயே உறைவதாக அப்பெயர் உணர்த்தியது. கதிரியக்க மருத்துவத்தின் வரலாறு காட்டுவது வேறு. கதிரை ஏற்கும் உயிரணுக்களுக்கிடையே வேறுபாடு இல்லையெனில், சிகிச்சை என்பதே இல்லை.

இவ்வேறுபாட்டை முதலில் விதியாக வகுத்தவர்கள் பிரான்சின் பெர்கோனியேயும் திரிபோந்தோவும் ஆவர். எலிகளின் விரைகளில் எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது விந்தணுக்களை உருவாக்கும் செல்கள் அழிந்தன. சூழ்ந்திருந்த இடைத்திசுவோ பெரிதும் தப்பியது. விரைந்து பகுபடுவதும், இன்னும் பலமுறை பகுபட வேண்டியதும், தனித்தொழிலுக்கென முதிராததுமான செல்லே கதிருக்கு எளிதில் இரையாகும் என்று 1906-இல் அவர்கள் முடிவு கூறினர். எலும்பு மச்சையும் குடலின் உட்படலமும் முதலில் பாதிக்கப்படுவதையும், நரம்பும் தசையும் தாங்கி நிற்பதையும் இவ்விதி விளக்கியது.

ஆயினும் இது விலக்கற்ற விதியன்று. நிணநீர்ச் செல் முதிர்ந்தது. பெரும்பாலும் பகுபடாமல் இருப்பது. எனினும் சிறிதளவு கதிரிலேயே அது தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. ஆகவே, பகுப்பின் வேகத்தோடு, சேதத்திற்குச் செல் எவ்வாறு எதிர்வினை புரிகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியதாயிற்று.

பாரிஸில் குளோத் ரெகோ ஆட்டுக்கடாக்களில் செய்த ஆய்வு இங்குத் திருப்புமுனையாகும். ஒரே தவணையில் கதிரைச் செலுத்தினால், தோலைக் கடுமையாகப் புண்படுத்தாமல் மலடாக்க இயலவில்லை. பல நாள்களுக்குப் பிரித்துச் செலுத்தியபோது இயன்றது. இடைவெளியில் தோல் தன்னைச் சீர்செய்துகொண்டது. இன்றும் நோயாளிகள் வாரக்கணக்கில் கதிர்ச் சிகிச்சைக்கு வந்துசெல்வதன் அடிப்படை இதுவே.

சீர்செய்யும் திறனின் எல்லையை டெய்னோகாக்கஸ் பேரினம் காட்டுகிறது. உடல் முழுதும் 4 முதல் 5 கிரே கதிர்வீச்சு பட்டால், மருத்துவமின்றி மனிதருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறப்பர். டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் 5000 கிரேயையும் தாங்கி, சிதறிய டி.என்.ஏ.வைச் சில மணி நேரத்தில் மீண்டும் இணைத்துக்கொள்கிறது. அப்பேரினத்தில் 'இண்டிகஸ்' என்னும் புதிய இனத்தை 2004-இல் விவரித்தவர்கள் ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள். அது மேற்கு வங்கத்தின் ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரில் கிடைத்தது.

ரெட் ஹில்ஸ் மருத்துவமனையின் இன்றைய பெயரில் ரேடியம் இல்லை. கருவிகள் மாறின, உலோகங்கள் மாறின. மாறாதது ஒன்றே: நோயுற்ற திசுவுக்கும் நலமான திசுவுக்கும் இடையிலுள்ள அச்சிறு வேறுபாட்டை நம்பியே ஒவ்வொரு நாளின் கதிரளவும் முடிவு செய்யப்படுகிறது.