பதிவானதும் பதிவாகாததும்

1933ஆம் வருடம் ஸ்விட்ஸர்லாந்துக்காரரான ஃப்ராங்க் மார்ட்டின் தனிக் கித்தாருக்காக நான்கு சிறிய பகுதிகள் கொண்ட படைப்பொன்றை எழுதினார். அதே வருடம் ஸ்பெயினின் புர்கோஸ் நகரத்தைச் சேர்ந்த அந்தோனியோ ஹோஸே ஒரு கித்தார் ஸொனாட்டா எழுதினார். அதே வருடம் லண்டனில் ஜூலியன் ப்ரீம் பிறந்தார். மூன்றும் தற்செயல்தான். என்றாலும் இருபதாம் நூற்றாண்டுக் கித்தார் இசையின் சரித்திரத்தை இசைத்தட்டுகள் எப்படி எழுதின, எவற்றை எழுதாமல் விட்டன என்று யோசிக்கும்போது, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெகுநாள் வரை எனக்குக் கித்தார் என்றால் ஆந்த்ரே ஸெகோவியாதான். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது நண்பன் ஒருவன் பிரதியெடுத்துக் கொடுத்த இரண்டு குறுந்தகடுகளில், 1927க்கும் 1939க்கும் இடையே ஸெகோவியா ஹெச்.எம்.வி. நிறுவனத்துக்காக வாசித்தவை இருந்தன. ஊசியின் உரசல் சத்தத்துக்குப் பின்னாலிருந்து எழும் அந்த நாதம் குடல் நரம்புகளுடையது. நைலான் நரம்புகள் புழக்கத்துக்கு வந்தது 1940களின் பிற்பகுதியில்தான். நைலானில் கிடைக்காத ஒரு சதைப்பற்று குடல் நரம்பில் உண்டு. அந்த நாதத்தில் மயங்கிக் கிடந்தேன். மயக்கத்தில் ஒரு தவறும் செய்தேன். இவர் வாசித்ததுதான் அந்த வாத்தியத்தின் மொத்த இசை என்று எடுத்துக்கொண்டேன்.

தவறு என்னுடையது மட்டுமல்ல. கித்தார் மெல்லிய குரலுடைய வாத்தியம். 1925க்கு முன்பு பெரிய புனல் ஒன்றின் முன் உட்கார்ந்து வாசித்தால் ஒலி அதிர்வே மெழுகில் கோடு கீறும். அந்த முறையில் கித்தாரின் குரல் பாதி வழியிலேயே செத்துப்போகும். மைக்ரோஃபோன் வந்த பிறகே இந்த வாத்தியத்தைத் தட்டில் ஏற்றுவது உருப்படியான காரியமாயிற்று. ஸெகோவியா சரியான நேரத்தில் வந்தார். ஆனால் தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிஷத்துக்கு மேல் இடம் கிடையாது. ஆகவே சிறிய உருப்படிகள் தட்டேறின, பெரியவை வெட்டுப்பட்டன. மெக்ஸிகோவின் மனுவேல் பான்ஸே 1929இல் எழுதிய ஃபோலியா வேறுபாடுகள் இருபது. 1932இல் ஸெகோவியா பதிவு செய்தது அவற்றில் ஒரு பகுதியைத்தான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1930இல் அவர் பதிவு செய்த ஒரு ஸூட், பதினெட்டாம் நூற்றாண்டு லூட் கலைஞர் வைஸ் எழுதியதாகத் தட்டில் அச்சாகியிருந்தது. எழுதியவர் உயிரோடிருந்த பான்ஸே. பழமையின் வாசனை வேண்டியிருந்த ரசனைக்காகப் புதியவர் ஒருவர் முகமூடி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஸெகோவியாவைக் குறைத்துச் சொல்வது நோக்கமில்லை. கித்தார் வாசிக்கத் தெரியாத சங்கீதகர்த்தாக்களைக் கித்தாருக்கு எழுத வைத்தவர் அவர். பான்ஸே, டொரோபா, டூரினா, டான்ஸ்மன், காஸ்டெல்நுவோ டெடெஸ்கோ என்று அந்தப் பட்டியல் பெரியது. மது அருந்துமிடத்திலிருந்து கச்சேரி மண்டபத்துக்கு ஒரு வாத்தியத்தை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சென்றார் என்றாலும் மிகையில்லை. ஆனால் அந்த மண்டபத்தின் கதவில் காவலாளியாக நின்றவரும் அவரே. வில்லா லோபோஸ் தமக்கு அர்ப்பணித்த பன்னிரண்டு எட்யூட்களில்கூடச் சிலவற்றை மட்டுமே அவர் பதிவு செய்தார். மார்ட்டின் தம்முடைய நான்கு பகுதிகளை அவருக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. ஸெகோவியா அதை மேடையில் வாசிக்கவுமில்லை, பதிவு செய்யவுமில்லை. மௌனத்தை நிராகரிப்பாக எடுத்துக்கொண்ட மார்ட்டின் அதைப் பியானோவுக்கு மாற்றினார், ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் மாற்றினார். பியானோ வடிவத்தின் தலைப்பில் ஸெகோவியாவின் உருவச்சித்திரம் என்று குறிப்பிட்டிருந்தார். பதில் போடாத மனிதருக்கு இதைவிடக் கௌரவமான பதில் இருக்க முடியாது.

அந்தோனியோ ஹோஸேயின் கதை இன்னும் கொடியது. அவருடைய ஸொனாட்டா ரெகினோ ஸைன்ஸ் தெ லா மாஸாவுக்காக எழுதப்பட்டது. 1934இல் புர்கோஸில் அதன் முதல் பகுதி மட்டும் மேடையேறியது. 1936 அக்டோபரில் ஃபாலாஞ்சிஸ்டுகள் ஹோஸேயைச் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பத்து மூன்று. அந்த ஸொனாட்டா அச்சேற 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஸ்பானிஷ் கித்தார் என்ற பெயரில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகள் விற்பனையாயின. இந்த நான்கு பகுதிகளின் கனத்துக்கு நிற்கக்கூடியவை அவற்றில் எத்தனை என்று கேட்டால் நான் விரல்விட்டு எண்ணுவேன்.

இனி ப்ரீம். 1967இல் ஆர்.ஸி.ஏ. வெளியிட்ட ‘இருபதாம் நூற்றாண்டுக் கித்தார்’ என்ற ஒரே நீள் இசைத்தட்டில், ஸ்மித் ப்ரிண்டில், பெஞ்சமின் பிரிட்டன், மார்ட்டின், ஹென்ஸே, வில்லா லோபோஸ் ஐவரையும் சேர்த்து வைத்தார். முப்பத்து நான்கு வருஷங்கள் கழித்து மார்ட்டினுக்கு வந்த பதில் என்று இதைச் சொல்லலாம். பதில் சொன்னவர் அந்தப் படைப்பு எழுதப்பட்ட வருடத்தில் பிறந்தவர். மூன்றாம் பகுதியில், ஒரே சீராக மீட்டப்படும் தந்திக் கொத்துகளின் மேல் ஒரு புலம்பல் ஏறி நிற்கிறது. அழுகை என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. அழக்கூடாது என்று தீர்மானித்தவனின் குரல் அது. முதல் தடவை கேட்டபோது, பத்து வருஷமாக நான் கித்தார் கேட்டுக்கொண்டிருந்ததாக நினைத்தது ஒரு வீட்டின் முன்னறையில் மட்டுமே உட்கார்ந்திருந்ததுதான் என்று தோன்றியது.

அதே தட்டில்தான் பிரிட்டனின் ‘நாக்டர்னல்’ இருக்கிறது. ப்ரீமுக்காக 1963இல் எழுதப்பட்டு, 1964இல் ஆல்ட்பரோவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. வழக்கமாக முதலில் கருப்பொருள், பிறகு வேறுபாடுகள். இங்கே எட்டு வேறுபாடுகளும் முடிந்த பிறகே, 1597இல் டௌலண்ட் வெளியிட்ட உறக்கப் பாடலின் மெட்டு தன்னைக் காட்டிக்கொள்கிறது. பதினெட்டு நிமிஷ உறக்கமின்மைக்குப் பிறகு கிடைக்கும் அந்த அமைதியை நாலரை நிமிஷத் துண்டுகளாக வெட்ட முடியாது. நடுவில் தட்டைத் திருப்பினால் தூக்கமும் கெடும், தூக்கமின்மையும் கெடும். நீள் இசைத்தட்டு இல்லையென்றால் இந்தப் படைப்பு வீடுகளுக்குள் இந்த உருவில் வந்திருக்காது. ரசனை பாதி, கருவி பாதி என்று நான் சொல்வது இதனால்தான்.

மறுபக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. பராகுவேயின் அகுஸ்டின் பாரியோஸ் 1913 அளவிலேயே அந்தப் பழைய புனலின் முன் உட்கார்ந்து, எஃகு நரம்புகள் பூட்டிய கித்தாரில் வாசித்தவர். எஃகு நரம்பை ஐரோப்பிய மண்டபங்கள் மதிக்கவில்லை. 1944இல் ஸான் ஸால்வடோரில் அவர் இறந்தபோது பல படைப்புகளுக்கு ஒழுங்கான கைப்பிரதி இல்லை. பின்னால் வந்தவர்கள் அவருடைய தேய்ந்த தட்டுகளைக் கேட்டுக் கேட்டு ஸ்வரங்களை எழுதியெடுத்தார்கள். 1977இல் ஜான் வில்லியம்ஸ் ஒரு முழுத் தட்டையே பாரியோஸுக்கு ஒதுக்கிய பிறகு அவர் பெயர் பரவியது. மோசமான பதிவுதான். ஆனால் பதிவு.

வங்கியில் நாள் முடிவில் நாங்கள் பார்ப்பது ஒன்றைத்தான். வவுச்சர் பதிவாகியிருக்கிறதா, இல்லையா. பதிவாகவில்லையென்றால் அந்தப் பணம் வரவேயில்லை, கொண்டுவந்து கட்டியவர் எதிரில் நின்றாலும் சரி. கலையின் சரித்திரமும் இந்தக் கணக்குப்படிதான் எழுதப்பட்டு வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம். 2001இல் ஸெகோவியா பிறந்த லினாரெஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற காகிதங்களை ஆஞ்ஜெலோ ஜிலார்தினோ பிரித்துப் பார்த்தபோது, அவருக்காக எழுதப்பட்டு அவர் வாசிக்காமலே வைத்திருந்த கைப்பிரதிகள் வரிசையாக வெளிவந்தன. அவர் எதையும் கிழித்துப் போடவில்லை. பத்திரமாகத்தான் வைத்திருந்தார். அந்தப் பத்திரம்தான் என்னை உறுத்துகிறது.

பிடிக்காததை வாசிக்க மறுப்பது கலைஞனின் உரிமை. ப்ரீமும் எத்தனையோ படைப்புகளைத் தள்ளியிருப்பார். விமர்சகனுக்கும் அந்த உரிமை வேண்டும். எல்லாவற்றையும் தடவிக்கொடுக்கும் விமர்சனத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. ஆனால் வேண்டாமென்று சொல்வது வேறு, எதுவுமே சொல்லாமலிருப்பது வேறு. முன்னதோடு சண்டை போடலாம். பின்னதோடு என்ன செய்வது? பியானோவுக்கு மாற்றி எழுதலாம், மார்ட்டினைப் போலப் பெரிய மனசு இருந்தால்.

சென்ற வருடம் இளைஞர் ஒருவர் அபிப்பிராயம் கேட்டு எனக்கு இருபது கவிதைகள் அனுப்பியிருந்தார். அவற்றின் ஓசை எனக்குப் பழக்கமில்லாதது. இரண்டாவது கவிதைக்கு மேல் காது கொடுக்கவில்லை. பத்திரமாக மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன். இந்தக் கட்டுரைக்காகக் குறிப்புகளைத் தேடியபோது அந்தக் கட்டு கைக்கு வந்தது. இந்தத் தடவை இருபதையும் படித்தேன். இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் ஏழாவது கவிதையில் ஒரு இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அதையாவது எழுதி அனுப்ப வேண்டும்.