வாசற்படி கடந்த வைத்தியம்

கந்தளாய்க் குளத்து நீர் பாய்ந்து விளையும் வயல்களாலும், ஆதிகோணநாயகர் ஆலயத்தாலும் பெயர் பெற்ற ஊர் தம்பலகாமம். திருகோணமலை மாவட்டத்து இவ்வூரிலும், இதனைப் போன்ற பிற தமிழூர்களிலும், ஒரு வீட்டிற் குழந்தை பிறந்தால் முப்பத்தோராம் நாள்வரை அதனைத் துடக்கு வீடு என்பர். அயலார் உட்புகத் தயங்குவர். வீட்டார் கோயிலுக்குச் செல்லார். இந்த விலக்குத் தடுக்காத ஒருத்தி இருந்தாள். அவளே மருத்துவிச்சி. நேயர்களே, அவள் வழிவந்த மாதரின் வரலாறு நம் நாட்டுக் குழந்தை நலத்தின் வரலாற்றிற் பெரும்பகுதியாகும்.

பிறந்து இருபத்தெட்டு நாள் நிறையும்வரை சிசுவின் உயிருக்கு ஆபத்து மிகுதி என்று வைத்திய நூலார் கூறுவர். முன்னோர் வகுத்த துடக்கு நாள்களும் இக்காலமும் ஏறக்குறைய ஒத்திருத்தல் கருதத்தக்கது. வருவோர் குறைந்தமையாற் சிசுவுக்கு நோய்த் தொற்றினின்று ஓரளவு காவல் கிடைத்திருக்கலாம். ஆயின் ஆபத்து நேர்ந்தபோது, அறிந்தவர் உதவி வந்து சேர்வதும் அரிதாயிற்று. எல்லாம் மருத்துவிச்சியின் கையிலேயே தங்கியிருந்தன.

அவள் கைப்பழக்கத்திற் குறைந்தவள் அல்லள். வயிற்றைத் தொட்டே குழந்தை கிடக்கும் நிலையை அறிவாள். தாய்க்குச் சரக்கரைத்துக் கொடுப்பாள். இரவெல்லாம் விழித்திருந்து தேற்றுவாள். எனினும், கொப்பூழ்க்கொடியை அறுக்கும் கருவியைக் கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்யவேண்டுமென அவளுக்குக் கற்பித்தவர் இலர். அதனால் ஏற்புநோய் கண்டு இறந்த சிசுக்கள் பல.

இக்குறையை நீக்கும் முயற்சி மெல்ல மெல்லவே எழுந்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1857 ஆம் ஆண்டில் மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். கொழும்பில் 1879 ஆம் ஆண்டில் தி சொய்சா மகப்பேற்று மனை தோன்றிற்று. இவையெல்லாம் கற்றவர்க்கும் நகரத்தார்க்குமே எளிதில் எட்டின. பெரிய மாற்றம் 1926 ஆம் ஆண்டிற் களுத்துறையில் நிகழ்ந்தது. றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு அங்கே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிற்று. நோயாளி வைத்தியசாலைக்கு வரட்டும் என்று காத்திராமல், ஓர் எல்லைக்குட்பட்ட ஊர்களிலுள்ள கருப்பிணிகளையும் சிசுக்களையும் பதிந்துகொண்டு, பயிற்சி பெற்ற மாதர் அவர்களுடைய வீடுகளுக்கே சென்றனர். பின்னர் அம்முறை நாடெங்கும் பரவிற்று.

அன்றைய நிலையைச் சில எண்கள் காட்டும். மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1935 ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. அக்கொள்ளைநோய் பெரிதும் தாக்கியது தென்மேற்குப் பகுதிகளையே. தம்பலகாமம் போன்ற வறண்ட வலயத்து ஊர்களுக்கோ மலேரியா ஆண்டுதோறும் வரும் நோய். சிசு மரணம் 1946 இல் 141 ஆகவும், 1947 இல் 101 ஆகவும், 1960 இல் 57 ஆகவும் குறைந்தது. இன்று அது பத்துக்கும் கீழே நிற்கின்றது. நுளம்பை ஒழித்த டி.டி.ரி. மருந்து, பங்கீட்டு அரிசி, இலவசக் கல்வி, வைத்தியசாலைகள் ஆகிய யாவற்றுக்கும் இதிற் பங்குண்டு. எதற்கு எவ்வளவு என்பதில் அறிஞர் வேறுபடுவர். ஆயினும், அந்நன்மைகளை அடுப்படிவரை கொண்டுசென்றவள் குடும்பநல மாதே என்பதை மறுத்தல் அரிது.

இன்று பிரசவங்கள் ஏறக்குறைய முழுவதும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. ஆனால் வீட்டு வருகை நிற்கவில்லை. துடக்கு நாள்களுக்குள்ளேயே குடும்பநல மாது வருகின்றாள். தாய்க்குக் காய்ச்சலுண்டா, பால் சுரக்கின்றதா, சிசுவின் கொப்பூழ் ஆறிற்றா, உடல் மஞ்சள் நிறம் கொண்டதா என்று பார்க்கின்றாள். பின்னர் மாதந்தோறும் நிறை குறிக்கப்படுகின்றது. நிறை குன்றிய பிள்ளைக்கு 1973 ஆம் ஆண்டு முதல் திரிபோஷா மா வழங்கப்பட்டு வருகின்றது.

உயிரைக் காத்தபின் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. பிள்ளையின் உள்ளமும் வளரவேண்டும். இஃது நமக்குப் புதிய செய்தியன்று. பிள்ளைத்தமிழ் இலக்கணம் வகுத்தோர் ஐந்தாம் மாத அளவிற் செங்கீரை ஆடுதலையும், ஒன்பதாம் மாத அளவிற் சப்பாணி கொட்டுதலையும், ஓராண்டளவில் நடந்து வருதலையும் பருவங்களாக்கினர். பிள்ளையோடு பேசுதலும் விளையாடுதலும் வளர்ச்சிக்கு வேண்டியவை என்பதை நம் பாட்டிமார் ஏடு பாராமலே அறிந்திருந்தனர்.

அவ்வறிவின் பயனை அளந்து காட்டியது ஜமெய்க்கா தேசம். அதன் தலைநகராகிய கிங்ஸ்ரனில், 1986 ஆம் ஆண்டளவில், வறுமையால் வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தனர். ஒரு சாராருடைய வீடுகளுக்குச் சுகாதார உதவிப் பெண்கள் வாரந்தோறும் ஒரு மணி நேரம் சென்று, கழிபொருள்களாற் செய்த பொம்மைகளைக் கொண்டு விளையாடும் முறையைத் தாய்மார்க்குக் காட்டினர். இரண்டாண்டு இவ்வாறு நடந்தது. இருபதாண்டின்பின் பார்த்தபோது, அப்பிள்ளைகளின் வருவாய் வருகை பெறாதாரினும் நூற்றுக்கு 25 பங்கு மிகுந்திருந்தது. உணவு மட்டும் பெற்றவரிடம் அத்தகைய நிலைத்த பயன் காணப்படவில்லை.

எனினும், எல்லா வீட்டுக் கதவும் எளிதில் திறப்பதில்லை. அவுஸ்திரேலியாவில் ஆதிக்குடிப் பிள்ளைகளை அரசினர் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போன வழக்கம் 1970 ஆம் ஆண்டளவுவரை நீடித்தது. அதற்காக அந்நாட்டுப் பிரதமர் 2008 இல் மன்னிப்புக் கோரினார். அத்தகைய வரலாறுடைய தாய்க்கு, வாசலில் வந்து நிற்கும் அரசாங்கத் தாதியைக் கண்டதும் அச்சமே முதலில் தோன்றும். ஆதலால், அலிஸ் ஸ்பிறிங்ஸ், பிறிஸ்பேன் முதலிய நகரங்களில் நடைபெறும் வீட்டு வருகைத் திட்டத்திலே தாதியுடன் ஆதிக்குடிப் பெண்ணொருத்தியும் உடன் செல்கின்றாள். கதவைத் திறப்பது அவளுடைய முகமே.

நம் மாகாணத்திலும் மூதூர் தொடக்கம் வாகரைவரையுள்ள கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் வாழ்கின்றனர். 1911 ஆம் ஆண்டில் வெளிவந்த செலிக்மன் நூல் அவர்களைக் கரையோர வேடர் என விவரிக்கின்றது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2006 இல் மீண்டும் மூண்ட போரும் அக்கரையோரத்தைப் பெரிதும் அலைக்கழித்தன. இடம்பெயர்ந்த குடும்பத்தின் பதிவேடும் முகவரியும் மாறும்; அதன் சிசு எண்ணிக்கையிலிருந்தே நழுவும். அத்தகைய ஊர்களில் அவ்வூர்ப் பெண் ஒருத்தியே பயின்று அப்பணியை ஏற்பின், பழைய மருத்துவிச்சிக்கு இருந்த நம்பிக்கையும் புதிய கல்வியும் ஒருங்கே கூடும்.

இன்று குடும்பநல மாதின் கையில் நிரப்பவேண்டிய ஏடுகள் பல. நிறையைக் குறித்துக் கையொப்பமிட்டு அடுத்த வீட்டுக்கு விரையும் நிலை அவளுக்கு ஏற்படலாகாது. தாயோடு அமர்ந்து பேசவும், குழந்தைக்குச் சப்பாணி கொட்டிக் காட்டவும் கால்மணி நேரமேனும் அவளுக்கு வேண்டும். களுத்துறையில் தொடங்கிய பணி உயிர்களைக் காத்தது. அக்கால்மணி நேரம் கிட்டுமாயின், காத்த உயிர்களின் அறிவும் தழைக்கும்.